பதினைந்தாம் பெட்டி குறையவில்லை

இன்று கூடத்தில் இருப்பவர்கள்: வெள்ளக் கணிப்பு நிலையத்தின் தலைவர் கோமதிநாயகம் சார், பொறியாளர் ஜெனோவா மேடம், ப்ரோக்ராம் எழுதுகிற மீரான், நோட்டில் எண் குறிக்கிற கொம்பையா, அதாவது நான். ஆக நாலு பேர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர்ப் பெட்டிகள் முப்பத்தாறு. மணி பதினொன்று இருபது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திரையில் இருக்கிற முப்பத்தாறு கட்டத்தையும் பார்த்து, எந்தப் பெட்டியில் எவ்வளவு மெமரி மிச்சம் என்று எழுத வேண்டும், அதுதான் என் வேலை. இதைக் கம்ப்யூட்டரே எழுதிக்கொள்ளும், ஆனால் எழுதுகிற வேலையே மெமரியைத் தின்கிறதோ என்று சந்தேகப்பட்டு மீரான் காலையில் அதை அணைத்துவிட்டான். "அண்ணாச்சி நோட்டு ஒழுகாது" என்று சிரித்தான். ஒழுகல் என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள். ப்ரோக்ராம் ஓடும்போது கணக்குப் போட்டுப் பார்க்க இடம் கேட்குமாம், போட்டு முடித்ததும் இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம், கொடுக்காமல் பிடித்துக்கொண்டே போனால் ஒரு நேரத்தில் இடமே இல்லாமல் ஓட்டம் செத்துப்போகும். முப்பத்தாறில் ஒன்று செத்தாலும் மொத்தமும் சாகும், ஏனென்றால் ஆற்றுப் படுகையை முப்பத்தாறு சதுரமாக வெட்டி ஒரு சதுரத்தை ஒரு பெட்டி பார்க்கிறது, எல்லாம் ஒன்றாக ஓடி, பக்கத்துப் பெட்டிக்குத் தன் எல்லையில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஒன்பதரைக்குத் தொடங்கினது இரண்டு மணிக்கு முடிய வேண்டும். ஒன்பதாம் பெட்டி, பதினான்கு, பதினாறு, இருபத்தொன்று, இந்த நாலும் ஒழுகுகின்றன. தொடங்கும்போது ஒவ்வொன்றிலும் மிச்சம் ஆறாயிரம் எம்பி இருந்தது. பத்து நிமிடத்துக்கு இருநூற்று ஐம்பது போகிறது, நாலிலும் ஒரே அளவு. இப்போது மூவாயிரத்து இருநூற்று ஐம்பது. பென்சிலால் ஓரத்தில் வகுத்துப் பார்த்தேன், ஒன்றரை மணிக்குப் பூஜ்யம். முடிய வேண்டியது இரண்டுக்கு, அரை மணி நேரம் குறைகிறது. இப்போதே நிறுத்தித் திரும்ப முதலில் இருந்து ஓட்டினாலும் நாலு மணியாகிவிடும், அதன்பிறகு ஆற்றோரத்தில் இருக்கிறவர்களை மேட்டுக்கு ஏற்ற வெளிச்சம் போதாது. நேற்று ஓட்டின கணக்கில் தண்ணீர் ஆற்றோரக் குடியிருப்பான லஸ்கர் லைனின் மதிலுக்கு ஓரடி கீழே நிற்கும் என்று வந்தது. ராத்திரி மலையில் கொட்டின மழை அந்தக் கணக்கில் இல்லை. இன்றைய கணக்கு வந்தால்தான் ஏற்றுவதா வேண்டாமா என்று சொல்ல முடியும். லஸ்கர் லைனில் நாற்பத்தொரு வீடு, நூற்று எண்பத்தெட்டு பேர். பன்னிரண்டாம் நம்பர் வீட்டில் ஒரு ஆள், அணையில் என்னோடு வேலை பார்த்த தளவாயின் மனைவி ராமலட்சுமி.

குறைகிறதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். மீரான் ஒன்பதாம் பெட்டிக்குள் ஏதோ வேவுக் கருவியை விட்டு யார் இடம் கேட்கிறார்கள் என்று தேடுகிறான், "முப்பத்தாறும் ஒரே ப்ரோக்ராம்தானே மேடம், நாலுக்கு மட்டும் என்ன கேடு?" என்கிறான், ஜெனோவா மேடம் நகத்தைக் கடிக்கிறாள். எனக்கு வேறு வேலை இல்லாததால் குறையாததையும் எழுதுகிறேன். மற்ற பெட்டியெல்லாம் ஏறி இறங்கும், பத்து கூடும், எட்டு குறையும், மூச்சு விடுகிற மாதிரி. பதினைந்து மட்டும் அசையவே இல்லை. பத்து மணிக்கு ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. பத்தேகாலுக்கும் பார்த்தேன், கணக்கில் சேராத நேரத்தில், அதே எண். பதினொன்று இருபதுக்கும் அதே எண். ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு. நோட்டில் கட்டம் போட்டுப் பார்த்தால் பதினைந்துக்கு மேலே ஒன்பது, கீழே இருபத்தொன்று, இடம் பதினான்கு, வலம் பதினாறு. நாலு பேர் ஒருத்தனைச் சுற்றி நின்றுகொண்டு அவன் வாயையே பார்க்கிறார்கள். அவன் வாய் திறக்கவில்லை. என் பென்சில் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காற்றாடிகளின் இரைச்சல், அணையில் தண்ணீர் விழுகிற இரைச்சலும் இப்படித்தான், கொஞ்ச நேரத்தில் காதுக்குப் பழகிவிடும், பழகினபிறகு அதற்குள் மனுஷக் குரல் தனியாகக் கேட்கும். கேட்கும். கேட்காது என்று எழுதிக் கொடுத்தேன், ஆனால் கேட்கும். சொல்ல வேண்டும், தம்பி, பதினைந்தைப் பாருங்கள் என்று. தொண்டையைச் செருமினேன். மீரான் திரும்பினான். "என்ன அண்ணாச்சி, டீயா?" "ஆமா தம்பி." போய் நாலு டீ கொண்டு வந்தேன். பதினொன்று நாற்பது. இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது. ஒரு வரிசை தாமதம், பதினொன்று முப்பதை எழுதாமல் விட்டிருக்கிறேன், இந்த நோட்டில் முதல் காலி வரிசை. மூவாயிரமாகத்தான் இருந்திருக்கும், அதற்காகப் பார்க்காததை எழுத முடியாது.

மதகை ஏற்றி இறக்குகிறவனுக்கு லஸ்கர் என்று பெயர். எங்கள் அணையில் மதகு எட்டு, சக்கரம் எட்டு, ஆள் எட்டு. கரண்டு போனால் கையால்தான் சுற்ற வேண்டும். மதகுக்கு மேலே கைப்பிடிக் கம்பி வைத்த குறுகல் பாலம், ஒவ்வொருத்தனும் தன் சக்கரத்தடியில் நிற்போம். முதல் மதகில் ஓவர்சியர் எத்தனை சுற்று என்று சொல்வார், ஒன்றாம் ஆள் சுற்றிவிட்டு அந்த எண்ணை இரண்டாம் ஆளுக்குக் கத்துவான், இரண்டாம் ஆள் அதே எண்ணைத் திருப்பிக் கத்த வேண்டும். திருப்பிச் சொன்ன குரல் காதில் விழுந்த பிறகுதான் முதல் ஆள் சக்கரத்தை விட்டுக் கரைக்கு வரலாம். அதற்குமுன் விடக் கூடாது. எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை, எழுதி வைத்ததை எல்லாம் மீறுகிறவர்கள்கூட அதை மீற மாட்டார்கள். பத்தொன்பது வருஷம் முந்தி, ஐப்பசி இருபத்தேழு, மழை. ஐந்தாம் மதகில் தளவாய், ஆறாம் மதகில் நான். அன்றைக்கு ஆறாம் மதகின் பல்சக்கரம் உடைந்து கிடந்தது, திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவன் மழையில் ஏன் நிற்க வேண்டும், காவல் கொட்டகைக்குள் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தேன், புளிச்சோறு, அவித்த முட்டை ஒன்று. தளவாய் தன் சுற்றை முடித்துவிட்டுக் கத்தினான். "பதினெட்டு! கொம்பையாண்ணே, பதினெட்டு!" கேட்டது. நன்றாகக் கேட்டது. வாயில் சோறு. எனக்குத்தான் திறக்கிறது இல்லையே, அவனுக்கே தெரியுமே, ஏழாம் மதகுக்காரனிடம் சொல்லிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, விழுங்குகிற வரை இருக்கட்டும் என்று இருந்தேன். மறுபடி, "பதினெட்டு!" எனக்குப் பொதுவிலேயே கத்துவதற்குக் கூச்சம், நாலு பேர் இருக்கிற இடத்தில் என் குரலை நானே கேட்டால் உடம்பு சுருங்கும். மூன்றாம் முறை எண்ணைச் சொல்லவில்லை, "அண்ணே" மட்டும்தான். அப்புறம் வேரோடு வந்த மருதமரம் ஐந்தாம் மதகில் மோதின சத்தம். கம்பி இல்லை. பாலத்தில் இரண்டு ஆள் நீளத்துக்கு ஒன்றுமில்லை. விசாரணையில் கேட்டார்கள். காற்று இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை ஐயா என்றேன். கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் ராமலட்சுமி கேட்டாள், "அண்ணே, கடைசியா எதும் சொன்னாரா?" "கேக்கல தாயி." அவள் தலையை ஆட்டினாள். நான் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டாள், அதுதான்.

பன்னிரண்டு. இரண்டாயிரத்து இருநூற்று ஐம்பது. பன்னிரண்டு பத்து. இரண்டாயிரம். பதினைந்துக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை எப்படிச் சொல்வது என்று இந்த நேரம் முழுக்க மனத்துக்குள் பேசிப் பார்க்கிறேன், எப்படிப் பேசினாலும் 'எனக்குத் தெரியும், நான் அப்படி இருந்தவன்' என்று முடிகிறது. அந்த வார்த்தை இல்லாமல் சொல்ல முடியாதா. முடியும். சொல்லலாம். எட்டாம் வகுப்பு படித்தவன் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன சொல்வது, சொல்லித் தப்பாகிப் போனால் அவர்கள் நேரமல்லவா வீணாகும். நேரம் எப்படியும் வீணாகத்தான் போகிறது. சாக்கு. கோமதிநாயகம் சார் போனில் யாருக்கோ, "சார், ரெண்டு மணிக்குக் கண்டிப்பா குடுத்துருவோம்" என்கிறார், போனை வைத்துவிட்டு, "எலே மீரான், குடுத்துருவோமா?" என்கிறார். "துஆ செய்யுங்க சார்." "நான் பிள்ளையாருக்குச் சொல்லுதேன், நீ உன் ஆளுக்குச் சொல்லு, மேடம் மாதாகிட்ட சொல்லட்டும். மூணு பேர்ல ஒருத்தராவது ஃப்ரீயா இருக்காம போவாங்களா?" பன்னிரண்டு நாற்பது. ஆயிரத்து இருநூற்று ஐம்பது. எண்பது நிமிடம். எண்பது நிமிடமாக வாயில் வைத்துக்கொண்டிருக்கிறேன். புளிச்சோறு முழுங்க அவ்வளவு நேரம் ஆகாது. எழுந்து நின்றேன். "தம்பி." என் குரல்தான். "தம்பி, பதினஞ்சு பதில் சொல்லலை." மீரான் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "பதினஞ்சு நல்ல பிள்ளை அண்ணாச்சி, அதுல ஒரு ஒழுகலும் கிடையாது." "அதான் தம்பி. ஒழுகலை. அசையவும் இல்லை. காலையிலிருந்து ஒரே எண். சுத்தி நிக்கிற நாலும் அதுட்ட ஏதோ சொல்லிட்டு, கேட்டுட்டேன்னு அது சொல்லுதவரைக்கும் விடாம பிடிச்சிட்டு நிக்கி. அது சொல்ல மாட்டேங்கு." நோட்டை நீட்டினேன். ஜெனோவா மேடம்தான் வாங்கினாள். கட்டத்தில் விரலை வைத்து ஒன்பது, பதினான்கு, பதினாறு, இருபத்தொன்று என்று தொட்டாள். பிறகு மெதுவாக, "மீரான், பதினஞ்சுல என்ன பண்ணி வச்சிருக்க?" என்றாள்.

அவன் முகம் மாறினதைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த முகம். போன வருஷம் சோதனைக் கணக்கில் ஓட்டத்தை எட்டு நிமிடம் குறைத்ததற்கு அவனை எல்லாரும் மெச்சினார்களாம், எப்படிக் குறைத்தான் என்றால், மழை பெய்யாத சதுரத்துக்கு வேலை இல்லை, அந்தப் பெட்டி பக்கத்துப் பெட்டிகள் சொல்வதைக் காதில் வாங்க வேண்டாம், சும்மா இருக்கட்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தான். சொல்கிற பெட்டிகளிடம் சொல்ல வேண்டாம் என்று எழுத மறந்துவிட்டான். போன வருஷ மழையிலும் நேற்றைய கணக்கிலும் காய்ந்த சதுரம் ஒன்றுமில்லை, அதனால் தெரியவில்லை. இந்த மழை மலைக்கு இந்தப் பக்கம் மட்டும் பெய்கிறது, பதினைந்தாம் சதுரம் மலைமறைவு, அங்கே ஒரு சொட்டு இல்லை. "பிடிச்சிட்டேன் மேடம்! ஓடும்போதே உள்ள போய் அந்த வரிய மாத்திரலாம். சேந்து கிடக்கிற பழசை எல்லாம் தூக்கிக் கடாசிட்டா நாலுக்கும் மெமரி வந்துரும்." விரல் ஓடத் தொடங்கியது. "கடாசவா?" என்றாள் ஜெனோவா மேடம். "எதைக் கடாச?" "பழைய மெசேஜ் மேடம், குப்பை." "குப்பையா? மலையில இருந்து ஆறு ஒன்பதுல இறங்கி பதினஞ்சு வழியாத்தான இருபத்தொண்ணுக்கு வருது? அங்க மழை பெய்யலைன்னா ஆறும் அங்க வராதா? நாலு பேரும் வாசல்ல வச்சிட்டு நிக்கது தண்ணி, மீரான். காலையிலேருந்து வந்த தண்ணி மொத்தமும்." என் தங்கை வாக்கப்பட்ட ஊர் அந்தச் சதுரத்தில்தான். வானம் வெளுத்துக் கிடக்கும், ஆடு மேயும், ஆறு மட்டும் கரை முட்டப் போகும். மழை பெய்யாத நாளில், போன சித்திரையில்கூட, ஒரு மாட்டை ஆறு அடித்துக்கொண்டு போனது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், இந்த அறையில் எனக்கும் தெரியும், நான் பதினைந்தின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, சொல்லப்படாமல் நின்றது என்ன என்று பார்க்கவில்லை. "அப்போ ஒண்ணுகூட விடாம உள்ள வாங்கணும்" என்றான் மீரான், குரல் சிறுத்துவிட்டது. "நான் கை வைக்கிறதுக்குள்ள தீந்துரக் கூடாது. அண்ணாச்சி, மிச்சத்தைச் சொல்லிட்டே இருங்க." ஒன்று பத்து. ஐநூறு என்றேன். "ஐநூறு" என்றான். அவன் திருப்பிச் சொல்வான் என்று நான் நினைக்கவில்லை. ஒன்று பதினெட்டு, முந்நூறு. "முந்நூறு." ஒன்று இருபத்துநாலு, நூற்று ஐம்பது. "நூத்தைம்பது." ஒவ்வொரு எண்ணுக்கும் அவன் குரல் வந்தது, வந்த பிறகுதான் நான் அடுத்த கட்டத்துக்குக் கண்ணை எடுத்தேன். ஒன்று இருபத்தெட்டு, ஐம்பது. பதில் இல்லை. ஐம்பது தம்பி. பதில் இல்லை. மேசை விளிம்பைப் பிடித்திருந்தேன், விடவில்லை. பதினைந்தாம் பெட்டியின் எண் அசைந்தது. ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு ஐயாயிரமாகி, மூவாயிரமாகி, காத்து நின்ற தண்ணீரை வாங்க வாங்க இறங்கியது, சுற்றி நின்ற நாலும் கையை விட்டன, ஐம்பது, எண்ணூறு, இரண்டாயிரம், ஐயாயிரம். "ஐம்பது" என்றான் மீரான் அப்போதுதான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. நாலு பெட்டியும் நிறைந்தது நல்ல செய்தி. கீழே இருபத்தேழாம் சதுரத்தில், லஸ்கர் லைன் இருக்கிற சதுரத்தில், நீலக் கோடு ஏறத் தொடங்கியது கெட்ட செய்தி. இரண்டும் ஒரே செய்தி.

இரண்டு மணி ஆறு நிமிடத்துக்கு ஓட்டம் முடிந்தது. மதிலுக்கு ஓரடி கீழே இல்லை, மூன்றடி மேலே. மாலை ஐந்து ஐம்பதுக்கு. கோமதிநாயகம் சார் போனில் பேசும்போது நின்றுகொண்டே பேசினார், சார் என்ற வார்த்தையை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் வாயில் வைத்திருந்த எண்பது நிமிடத்தை யாரும் கேட்கவில்லை. நோட்டைப் பார்த்தால் தெரியும், பதினொன்று இருபதுக்கு நேரே ஓரத்தில் கட்டம் போட்டுப் பதினைந்தைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன், மேடம் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பக்கத்தைத் திருப்பிவிட்டாள். அப்போதே சொல்லியிருந்தால் பன்னிரண்டரைக்குள் கோடு ஏறுகிற வேகத்தைப் பார்த்தே ஏறச் சொல்லியிருக்கலாம், ஒன்றரை மணி நேரம் கூடுதலாகக் கையில் இருந்திருக்கும். இப்போது வண்டி நாலு, நாலும் சேர்ந்து ஒரு தடவைக்கு அறுபது பேர், போய்வர அரை மணி. மூன்று மணிக்கு அறுபது. மூன்றரைக்கு நூற்று பதினேழு. நாலு மணிக்கு நூற்று அறுபத்தொன்று. சார் போனில் கேட்டுச் சொல்கிறார், நான் எழுதுகிறேன், புதிய பக்கம், ஒரே ஒரு கட்டம். நாலு இருபதுக்கு நூற்று எண்பத்தேழு. நாலு இருபத்தைந்துக்கும் நூற்று எண்பத்தேழு. எண் அசையவில்லை. "யாருய்யா அந்த ஒண்ணு?" என்று சார் போனில் கத்துகிறார், ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார், கிராம உதவியாளர் குரல் மூச்சிரைக்க வருகிறது. "பன்னெண்டாம் நம்பர் சார், வயசான பொம்பள. இங்க சும்மா தூறல்தான, எதுக்கு ஏறணும்ங்கா. தூக்கப் போனா அருவாமணையக் காட்டுதா. ஆபீஸ்காரன் சொன்னா நம்ப மாட்டாளாம். மதகுல நின்ன ஆள் எவனாது வந்து நேர்ல சொல்லட்டும், ஏறுதேன்ங்கா." "மதகுல நின்ன ஆளுக்கு நான் எங்கய்யா போவேன்?" என்கிறார் சார், என் பக்கம் பார்க்காமல். எட்டு ஆளில் ஐந்து பேர் செத்தாயிற்று, தளவாயைச் சேர்த்து ஐந்து. ஒருத்தன் மகனோடு மும்பையில். ஒருத்தனுக்குப் பக்கவாதம். "நான் போறேன் சார்" என்கிறேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் மூன்று பேரும் திரும்பிவிட்டார்கள். "அண்ணாச்சி, ஜீப்புல நாப்பத்தஞ்சு நிமிஷம், அதுக்குள்ள அங்க..." என்று மேடம் எழுகிறாள். நாற்பத்தைந்து நிமிடம் எனக்குத் தெரியும். நாலு முப்பத்திரண்டு. போய்ச் சேர ஐந்து பதினேழு. தண்ணீர் ஐந்து ஐம்பது. நடுவே முப்பத்து மூன்று நிமிடம். அவளிடம் சொல்ல வேண்டியது ஒரு எண், பதினெட்டு, அதைச் சொல்ல நேரம் ஆகாது. கேட்டது தாயி, மூணு தடவையும் கேட்டது, சோறு வாயில் இருந்தது. அதன்பிறகு அவள் எழுந்து வருவாளா, அரிவாள்மணையோடு அங்கேயே உட்கார்ந்துவிடுவாளா, அதை எந்தப் பெட்டியும் கணக்குப் போட்டுத் தராது. மீரான் குடையை நீட்டுகிறான். நோட்டை மூடுமுன் கடைசி வரிசையை நிரப்ப வேண்டும், காலியாக விடக் கூடாது, ஏற்கனவே ஒன்று காலி. மொத்தம் நூற்று எண்பத்தெட்டு, ஏறினது நூற்று எண்பத்தேழு, மிச்சம் ஒன்று என்று எழுதுகிறேன். எழுதிவிட்டுப் பார்க்கிறேன். தப்பு. கீழே இறங்குகிறவனையும் எண்ண வேண்டும். அடித்துவிட்டுப் பக்கத்தில் திருத்தி எழுதுகிறேன். மிச்சம் இரண்டு.